சம்பந்தியம்மாளுக்கு ஒரு வீடு

“இன்னைக்கும் டவுனுக்கா அத்தே?”

புஷ்பவள்ளி சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பிலிருந்து கோப்பிச் சட்டியை இறக்கி வைத்த சத்தம்தான் சாதாரணமாக இல்லை. தோட்டத்தில் ஆள் கூட்டும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்க இன்னும் கால் மணி நேரமே இருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே மாமியாரை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் மட்டும் வெளியே வரும் நீலச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள் நல்லம்மாள்.

“ஆமாம்மா. ஒரு சோலி இருக்கு.”

“என்னா சோலின்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? ரெண்டு வாரத்துல இது மூணாவது தடவ... ‘ஒம் மாமியா எங்கடி பஸ் ஏறிப் போவுது’ன்னு லயத்துல என்னையத்தான் கேக்குறாங்க!”

“கோயில் சோலின்னு சொல்லேன்.”

“கோயிலுக்குப் போறவங்க ஐசிய எடுத்துக்கிட்டா போவாங்க?”

நல்லம்மாளின் கை தன்னை அறியாமல் இடுப்பைத் தொட்டது. அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி அங்கேதான் செருகியிருந்தாள். மருமகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

வாசற்படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த வாசு தலையை நிமிர்த்தவில்லை. தோட்டத்து லோரி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். “விடு புஷ்பா. அம்மாவுக்குச் சொல்லணும்னு இருந்தா சொல்லும்லா” என்றான். அந்த ‘லா’வில் இருந்த வருத்தம் தாய்க்குப் புரிந்தது. ஆனால் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருந்தாள்.

வாக்குக் கேட்டவள் வேலம்மா. புஷ்பவள்ளியின் தாய், நல்லம்மாளின் சம்பந்தி. சுங்கை சோ பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் பால் வெட்டியவள். அந்தத் தோட்டத்தை இப்போது வீட்டுமனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்குக் கண்ணிலும் புரை விழுந்து, ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். போன மாதம் தற்செயலாக அங்கே போன நல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சம்பந்தியம்மா. சொன்னா மறுநாளே மாப்ளயக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பா. நான் மருமகன் வீட்டுக்கு வரமாட்டேன்... அது முடியாது!”

மகளைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று பழைய ஆட்கள் பலரும் சொல்வதுதான். ஆனால் வேலம்மாவின் பிடிவாதத்துக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணப் பந்தலில், நல்லம்மாளின் புருஷன் சன்னாசி நாலு பேருக்கு நடுவே பேசிய பேச்சு. உள்ளே போயிருந்த கள் அவரைப் பெரிய மனுஷனாக்கியிருந்தது. “பொண்ணத்தான் குடுத்தாச்சே! நாளைக்கு நீயும் மூட்டையக் கட்டிக்கிட்டு எம் மகன் வாசல்ல வந்து நின்னுடாதம்மா!” என்றார். பந்தலே சிரித்தது. தாலி அறுத்து, ஒற்றைப் பெண்ணை வளர்த்து ஆளாக்கிய வேலம்மாவும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். அன்றிலிருந்து மகளைப் பார்க்க வருவாள். வெளியிலேயே நின்று பேசுவாள். பேத்தியின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கண் மங்கத் தொடங்கியதிலிருந்து அந்த வரவும் நின்றிருந்தது. பேசியவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பேச்சு மட்டும் போய்ச் சேரவில்லை.

நல்லம்மாளைச் சுட்டது அவர் பேசியதுகூட அல்ல. அன்று பக்கத்திலேயே நின்றும் தான் வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

அதனால்தான் கோலா சிலாங்கூரில் புதிதாகக் கட்டியிருக்கும் அரசாங்க ஃபிளாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவளுக்குத் தூக்கம் போனது. நாலு மாடிக் கட்டடம். கீழ்மாடி வீடுகள் முழுக்க வீடுவாசல் இல்லாத வயசானவர்களுக்கு. வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் தாங்கிக்கொள்ளுமாம். பெயருக்கு ஒரு தொகை கட்டினால் போதும். துணைக்கு இன்னொருவரையும் வைத்துக்கொள்ளலாம். அது மருமகன் வீடு இல்லை. அங்கே வேலம்மா யாருக்கும் தலை குனியாமல் உட்கார்ந்து சாப்பிடலாம்!

டவுனில் மனு எழுதிக் கொடுக்கிற தங்கரத்தினம் ஓய்வுபெற்ற தோட்டத்து அலுவலகக் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். கோப்பிக்கடை ஓரத்து மேசையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். அவர் விவரமாகவே சொல்லியிருந்தார். வேலம்மா பெயரில் போடலாம். ஆனால் அவள் வேறு மாவட்டம் என்பதால், இந்த மாவட்டத்தில் இருக்கும் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பிள்ளை புஷ்பவள்ளி. அவளுக்குத்தான் தெரியக்கூடாதே! அதனால் நல்லம்மாள் பெயரிலேயே மனு தயாராகியிருந்தது. வீடு கிடைத்தால் வேலம்மாவைத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

“இதிலை கைநாட்டை வையுங்கோ அம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்.”

“எனக்கு மகன் இருக்கானே ஐயா. அதனால குடுக்காம போயிடுவாங்களா?”

“அதுக்கெல்லாம் எழுதிற விதம் எண்டு ஒண்டு இருக்கு. நாப்பது வருசமா மனு எழுதிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேயுங்கோ.”

மலாயில் எழுதிய இரண்டு பக்கம். நல்லம்மாளுக்குத் தமிழே வாசிக்க வராது. பெருவிரலை மையில் தொட்டு, அவர் காட்டிய இடத்தில் அழுத்தி வைத்தாள்.

பிறகு வீட்டைப் பார்க்கப் போனாள். காவல்காரப் பெரியவர் ஒரு கீழ்மாடி வீட்டைத் திறந்துவிட்டார். ஒரு கூடம், ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. நல்லம்மாள் எளிதில் மயங்குகிற ஆள் இல்லை. குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்தாள். விறகடுப்புக்கு இடமில்லை, கேஸ் அடுப்புதான் வாங்க வேண்டும். மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது, கருவேப்பிலையைச் சட்டியில்தான் வைக்க வேண்டும். சுவர் மெல்லியது, மேல்வீட்டில் நாற்காலி இழுத்தால் இங்கே கேட்கிறது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியிடம் அரைகுறை மலாயில் விசாரித்தாள். காய்கறி வாங்கப் பாசார் பத்து நிமிஷ நடை, கிளினிக் இன்னும் கிட்டே, மழைக்கு முன்வாசலில் மட்டும் தண்ணீர் தேங்கும் என்றாள் கிழவி.

கடைசியாக நல்லம்மாள் ஒரு காரியம் செய்தாள். அறைக்குள் போய், படுக்கை போடும் இடத்தில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சுவரைத் தடவியபடி நடந்தாள். ஆறு எட்டில் கதவு. திரும்பி நாலு எட்டில் கழிவறை. அங்கே ஒரு சின்னத் திட்டு, கால் தட்டியது. அந்த இடத்தை இரண்டு முறை நடந்து மனதில் வாங்கிக்கொண்டாள். காவல்காரப் பெரியவர், இந்தத் தமிழ்க் கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு போதும் என்று அவளுக்குப் பட்டது. கண்ணைத் திறந்ததும்தான், தானும் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்பது உறைத்தது. வாசுவின் லோரிச் சத்தம் கேட்காத சாயங்காலம்... பேத்தி பள்ளிப் பையைத் தூக்கிப் போடாத கூடம்...  சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

பத்து நாள் கழித்து மத்தியான வேளையில் லயத்து முன்னால் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கோப்புடன் இறங்கிய மலாய்க்கார அம்மாள், மனுவைச் சரிபார்க்க வந்த அதிகாரி. வாசு சாப்பாட்டுக்கு வந்திருந்தான். புஷ்பவள்ளி வேலை முடிந்து குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் பதறி எழுவதற்குள் அந்த அம்மாள் வாசுவைப் பார்த்து மலாயில் கேட்டுவிட்டாள். “மூன்று வருஷமாகத் தாயைக் கைவிட்ட மகன் நீங்கள்தானா?”

வாசு கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். அந்த அம்மாள் கடமைக்கு மனுவை வாசித்தாள். பெற்ற மகன் சோறு போடுவதில்லை. மருமகள் அடித்து விரட்டுகிறாள். விதவைத் தாய் அக்கம்பக்கத்தார் கொடுப்பதைத் தின்று உயிர் வாழ்கிறாள். தங்கரத்தினத்தின் நாற்பது வருஷ அனுபவம் அது. மனு என்றால் அழ வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கீழே நல்லம்மாளின் பெருவிரல் ரேகை அச்சாக விழுந்திருந்தது.

லயத்தில் மலாய் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

“நான் அடிச்சேனா அத்தே?” புஷ்பவள்ளி கையிலிருந்த துண்டோடு முன்னால் வந்தாள். “காச்சல்ல கெடந்தப்ப மூணு நாளு வேலைக்குப் போவாம ஒங்க காலடியில உக்காந்திருந்தேனே... நானா ஒங்கள அடிச்சேன்? சொல்லுங்க அத்தே!”

வாசு சத்தம் போடவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. “அம்மா... எங்கிட்ட ஒரு கொறன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. கவர்மெண்டுகிட்டயா சொல்லணும்?”

நல்லம்மாள் எழுந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் பத்துப் பேர் முன்னால், மறுபடியும், அந்த வாசலில் வேலம்மாவின் மானத்தை எடுத்துப் போடுவதா? ஒரு தரம் சும்மா நின்றது போதாதா?

அவள் அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள். தனக்குத் தெரிந்த மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “இதுல இருக்கறது பொய்யி. எம் மகன் எனக்கு ஒரு வேளச் சோறு கொறச்சதில்ல. எம் மருமக எனக்கு மக மாதிரி. எனக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வச்சது எந் தப்பு. மனுவ அடிச்சுப் போடுங்க.”

“அப்படியென்றால் வீடு கிடைக்காதே அம்மா” என்றாள் அதிகாரி.

“வேணாம்.”

வேன் போய்விட்டது. வாசு தட்டைக் கழுவி வைத்துவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போனான். வீட்டை விட்டுப் போக அம்மா ஏன் மனுப் போட்டாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் சோறு பரிமாறப்பட்டது, தின்னப்பட்டது. பேச்சு மட்டும் இல்லை. குழாயடியில் பெண்கள் புஷ்பவள்ளியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் வீட்டுக்கு வந்து பின்கட்டில் குந்தி அழுவதை நல்லம்மாள் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள்.

நாலாம் நாள் அவள் சுங்கை சோவுக்குப் பஸ் ஏறினாள். வீடு இல்லை என்றாவது சொல்ல வேண்டுமே. சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வேலம்மா குரலை வைத்தே ஆளை எடைபோடுகிறவள். நல்லம்மாளின் குரலில் இருந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு, மனுவிலிருந்து மகளின் அழுகை வரை எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.  கடைசியில், “எம் பொண்ணா அடிச்சான்னு எழுதிட்டாரு அந்த மனுசன்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம். புஷ்பவள்ளி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். செம்மண் பாதையில் ஒருத்தி குடையைத் தரையில் ஊன்றித் தடவித் தடவி வந்துகொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறி, கண்டக்டர்களிடம் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்!

“அம்மா!” என்று ஓடினாள் புஷ்பவள்ளி. “ஒத்தையிலயா வந்தே? ஒங் கண்ணு என்னாச்சும்மா... ஏம்மா இப்படி தடவுறே?”

வேலம்மா வழக்கம்போல வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். “மாப்ள இருக்காங்களா?”

“இருக்கேன் அத்தே” என்று வெளியே வந்தான் வாசு.

“ஒங்கம்மா ஒங்கள விட்டுட்டுப் போவ மனுப் போடல மாப்ள. எனக்குத் தங்க எடமில்ல. எங்க லயத்த ஒடைக்கப் போறாங்க. எனக்குப் பார்வையும் போச்சு. ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன்னு நாந்தான் சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்குனதும் நாந்தான். எனக்காக அவங்க மகன் வீட்ட விட்டுக் கெளம்பத் துணிஞ்சாங்க... என் மானத்தக் காப்பாத்த, பேச்சும் வாங்கிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தாங்க!” அவள் குடையை இன்னும் அழுத்தி ஊன்றினாள். “எம் மானம் பெருசில்ல. அவங்களக் கேக்காதீங்க. என்னையக் கேளுங்க.”

பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. இந்த முறை வேலம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

புஷ்பவள்ளி தாயையும் பார்த்தாள், கதவோரம் நின்ற மாமியாரையும் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் மாமியாரைத்தான் கட்டிக்கொண்டாள். “என்னைய மன்னிச்சிருங்க அத்தே... இத்தன நாளா ஒங்க மொகத்தப் பாத்துக்கூட கோப்பி குடுக்கலயே நான்!”

“கோப்பி சூடாத்தானம்மா இருந்துச்சு” என்று சொல்லப் போய், அதற்கு மேல் முடியாமல் நல்லம்மாளும் அழுதுவிட்டாள்.

வாசு வேலம்மாவின் முன்னால் வந்து நின்றான். “அப்பா அன்னைக்குப் பேசுனது எனக்கும் காதுல விழுந்துச்சு அத்தே. மாப்ளக் கோலத்துல உக்காந்துகிட்டு நானும் சிரிச்சேன். உள்ள வாங்க. இது ஒங்க வீடு.”

“நீங்க சொன்னதே வயிறு நெறஞ்சுபோச்சு மாப்ள. ஆனா வேணாம். இத்தன வருசம் ஒரு வைராக்கியத்துலயே நின்னுட்டேன். இனிமே மாத்திக்க வராது.”

வாசு அம்மாவைப் பார்த்தான். “அப்ப நீ?”

“அவங்கள ஒத்தையில விடமுடியாதுடா” என்றாள் நல்லம்மாள். “மகன் வீடு எனக்கு எங்க போயிடும்? பஸ்ஸு இருக்கு. நீ லோரியில டவுனுப் பக்கந்தான வரே.”

 “திங்கக்கெழம லீவு போடுறேன்” என்றான் அவன்.

திங்கட்கிழமை நாலு பேரும் அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை மனு எழுதியது வாசு. அழுகை எதுவும் இல்லாமல் எட்டே வரி. விண்ணப்பம் வேலம்மா பெயரில். இந்த மாவட்டத்தில் இருக்கும் பிள்ளை என்று புஷ்பவள்ளி கையெழுத்துப் போட்டாள். துணைக்கு இருப்பவர் என்ற இடத்தில் நல்லம்மாளின் பெருவிரல். அதை அழுத்துவதற்கு முன்னால் நல்லம்மாள், “ஒரு வரி விடாம படிச்சுக் காட்டுடா” என்றாள். அதிகாரிகூடச் சிரித்துவிட்டாள். தங்கரத்தினத்துக்கு விஷயம் தெரிந்தபோது, “அப்பிடி எழுதினால் ஆர் வீடு குடுப்பினம்?” என்றாராம். மூன்றாவது வாரம் சாவி கிடைத்தது. அதுவரை, காலி செய்யச் சொன்னவர்களிடம் பேசித் தவணை வாங்கி வைத்திருந்தான் வாசு.

குடிபோகிற அன்று சுங்கை சோவிலிருந்து வேலம்மாவையும் அவள் சாமான்களையும் லோரியில் ஏற்றிக்கொண்டு, நல்லம்மாளையும் புஷ்பவள்ளியையும் பேத்தியையும் கூட்டிப் போகத் தோட்டத்துக்கு வந்தான். நல்லம்மாளுக்கு என்று ஒரு தகரப் பெட்டிதான். லயமே வாசலில் நின்றது. புஷ்பவள்ளியைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்கள் இப்போது புது வீட்டுக்கென்று ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். நல்லம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

ஃபிளாட்டில் இறங்கியதும் வேலம்மாவின் பெரிய துணிமூட்டையை வாசு தன் தலையிலேயே தூக்கிக்கொண்டான். “ஐயோ, வேணாம் மாப்ள! குடுங்க!” என்று பதறினாள் வேலம்மா. “நீங்க நடங்க அத்தே” என்றான் அவன். பேச்சுக்குப் பேச்சு அவனுக்கு வராது. மாமியாரின் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு, அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

நல்லம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்து உள்ளே நடத்தினாள். “இது அறை. இங்கருந்து ஆறு எட்டு, கதவு. இந்தப் பக்கம் நாலு எட்டு... பாத்து, இங்க ஒரு திட்டு இருக்கு.”

வேலம்மா திட்டைக் காலால் தொட்டுப் பார்த்தாள். “கண்ணத் தொறந்துகிட்டுப் பாத்தவங்களுக்கு இது எப்படிங்க சம்பந்தியம்மா தெரியும்?”

நல்லம்மாள் அவளுடைய மறு கையை எடுத்துச் சுவரில் வைத்தாள். வேலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிடித்த கையை அவள் விடவே இல்லை.

பாலைக் காய்ச்சி, புது அடுப்பில் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஆனது. வாசு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “பசிக்குது அத்தே. சோறு போடுங்க” என்றான். வேலம்மா தடவித் தடவித் தன் கையாலேயே மருமகனுக்குப் பரிமாறினாள். ஒன்பது வருஷத்தில் முதல் விருந்து. கொஞ்சம் தட்டுக்கு வெளியே விழுந்தது. அவன் அதையும் எடுத்துச் சாப்பிட்டான்.

பிறகு பெண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். காரம் ஏறி வேலம்மாவுக்கு இருமல் வந்தது. புஷ்பவள்ளி குவளையில் தண்ணீர் எடுத்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கையால் அம்மா ஒரு சொட்டு வாங்கிக் குடித்ததில்லை.

வேலம்மா குவளையைத் தேடிப் பிடித்தாள். நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, குவளையை மகள் பக்கம் திரும்ப நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”